கோட்டிங்கனில் ஒரு ஞாயிறு

ஜெர்மானியர்கள் ஓய்வையும் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1919ஆம் ஆண்டு வைமர் நகரில் இயற்றப்பட்ட அரசியல் சாசனத்தின் 139ஆவது பிரிவு, ஞாயிற்றுக்கிழமையும் அரசு அங்கீகரித்த பண்டிகைகளும் உடலுக்கு ஓய்வும் உள்ளத்துக்கு உயர்வும் தரும் தினங்களாகச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்க வேண்டும் என்று விதித்தது; அந்தச் சாசனத்தைக் குழிதோண்டிப் புதைத்த ஹிட்லரின் ஆட்சியும் அழிந்தொழிந்த பிறகு, 1949இல் புதிய அடிப்படைச் சட்டத்தை வகுத்தவர்கள் அந்தப் பழைய பிரிவைத் தங்கள் 140ஆவது பிரிவின் வாயிலாக அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அந்நாட்டில் ஞாயிற்றுக்கிழமை பலசரக்குக் கடை திறவாது, துணிக்கடை திறவாது. தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டக்கூடாது. சுவரில் துளை போடக்கூடாது. காலிக் கண்ணாடிப் புட்டிகளைத் தெருமுனைத் தொட்டியில் எறிவதற்குக்கூட அன்றைக்கு அனுமதி இல்லை. என் போன்ற தென்னாட்டு மாணவனுக்கு இதில் நேரும் சங்கடம் ஒன்றே ஒன்றுதான்: இட்லிக்கான தேங்காய்ச் சட்டினியைச் சனிக்கிழமை மாலையிலேயே அரைத்து வைத்துவிட வேண்டும். எங்கள் விடுதியின் மெல்லிய சுவர்களைத் துளைத்துக்கொண்டு மிக்ஸியின் ஓசை எத்தனை அறைகளுக்கு யாத்திரை போகும் என்பது அங்கே சகலருக்கும் தெரிந்த விஷயம்.

நான் பிறந்து வளர்ந்தது மும்பையின் திலக் நகரில். குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவே ஹார்பர் ரயில் பாதையை ஒட்டிக் கிடக்கும் அந்தக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை என்பது ஓய்வின் பெயரால் நடைபெறும் ஓர் ஆரவாரம். பொழுது புலர்ந்ததும் புலராததுமாக, தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருபவர் ரப்பர் ஹாரனை அமுக்கி அமுக்கி நாலு மாடிகளையும் எழுப்பிவிடுவார். அதன்பின் கட்டிடங்களுக்கு இடைப்பட்ட சந்தில் பையன்களின் கிரிக்கெட் தொடங்கும். பக்தியுள்ளவர்கள் செடா நகர் முருகனைத் தரிசிக்கப் புறப்படுவார்கள். நாவுக்கு அடிமையானவர்கள் மாட்டுங்காவுக்குப் போய், சிற்றுண்டிச்சாலை வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, நெய் மணக்கும் நடைபாதையில் தங்கள் முறைக்காகக் காத்து நிற்பார்கள். இவ்வளவும் ஒருபுறம் இருக்க, பதினொரு மணிவாக்கில் 'மெகா பிளாக்' ஆரம்பமாகும். வாரத்தில் ஆறு நாளும் ஓயாமல் அதிர்ந்த தண்டவாளங்கள் மாலை நான்கு மணி வரையில் வைத்தியம் செய்துகொள்ளும் நேரம் அது. அந்த ஆறு நாளும் அவற்றின்மேல் ஓடிய ரயில்களில் தொங்கிக்கொண்டு பிரயாணம் செய்த ஜனங்கள் அன்றைக்கும் பஸ்ஸுக்காக வெயிலில் நிற்பார்கள். இத்தகைய ஊரிலிருந்து வந்தவனுக்கு, காதில் மணியோசையைத் தவிர வேறெதுவும் விழாத ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலில் பயத்தையே உண்டாக்கும். ஊரில் ஏதோ விபரீதம் நடந்துவிட்டது, நமக்கு மட்டும் சொல்லவில்லை என்பது போலத் தோன்றும். பழகப் பழகத்தான் அதன் சுகம் தெரியும்.

கோட்டிங்கன் பெரிய நகரம் அன்று. ஜெர்மனியின் நடுப்பகுதியில், லைனே என்ற சிற்றாற்றின் கரையில், ஏறத்தாழ ஒன்றேகால் லட்சம் ஜனங்கள் வசிக்கும் ஊர். எங்கள் செம்பூரின் ஒரு மூலையில் அடக்கிவிடலாம். ஆனால் இங்கிலாந்தின் மன்னராகவும் ஹானோவரின் அதிபதியாகவும் ஒருங்கே விளங்கிய இரண்டாம் ஜார்ஜ் ஸ்தாபித்து, 1737இல் முறைப்படி திறந்துவைக்கப்பட்ட சர்வகலாசாலை இவ்வூரில் இருப்பதால், தெருவில் எதிர்ப்படும் முகங்களில் பெரும்பகுதி மாணவர் முகங்கள். வாகனங்களில் பெரும்பகுதி சைக்கிள்கள். ரயில் நிலையத்து வாசலில் ஆயிரக்கணக்கில் அவை ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் காட்சியைக் கண்டு பிரமிக்காத இந்தியர் இரார்.

ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றைச் சொல்கிறேன். பழைய நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் கோட்டை மதில் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில், ஏழாண்டுப் போருக்குப் பிறகு, இனி இதனால் பகைவனைத் தடுக்க முடியாது என்று கண்டுகொண்ட ஊரார் அதைக் குலைத்து, எஞ்சிய மண்கரையின்மேல் லிண்டன் மரங்களை வளர்த்து, மக்கள் காலாற நடப்பதற்குரிய பாதையாக்கிவிட்டார்கள். மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியான அந்த வட்டத்தை அவசரமின்றிச் சுற்றிவர ஒரு மணி நேரம் போதும்; எனக்கு இரண்டு மணிக்குக் குறைந்து முடிந்ததில்லை. அந்த மாதத்தில் லிண்டன் பூக்கிறது. வெளிர்மஞ்சளாய், வேப்பம்பூவைவிடச் சற்றே பெரிதாய், இலையின் நிழலில் தலைகவிழ்ந்து தொங்கும் அந்தப் பூவைக் கண் தேடுவதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும்; அண்ணாந்து பார்த்தால் மரம் முழுவதும் தேனீக்களின் ரீங்காரம். ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை போலும்.

மதிலின் தென்புறத்தில், பழைய காவல் கோபுரம் ஒன்றின் எச்சம் போன்ற ஒரு சிறு கல்வீடு நிற்கிறது. பிற்காலத்தில் ஜெர்மானிய சாம்ராஜ்யத்தை இரும்புக் கரத்தால் ஒன்றுபடுத்திய பிஸ்மார்க், சட்டம் படிக்க இவ்வூருக்கு 1832இல் வந்தபோது பதினேழு வயதுப் பையன். குடியும் கத்திச்சண்டையுமாகத் திரிந்த அவரை நகருக்குள் வசிக்கக் கூடாதென்று அதிகாரிகள் விலக்கிவைக்க, மதிலோரத்து இந்த வீட்டில் குடியிருந்தார் என்பது ஊர்ப் பிரசித்தம். குறும்புக்கார மாணவனை ஊரைவிட்டு விலக்கியவர்கள், அவர் பெரிய மனிதரான பிறகு அதே வீட்டுக்கு அவர் பெயரைச் சூட்டி, காட்டுக் குன்றின்மேல் ஒரு கோபுரமும் கட்டி வைத்திருக்கிறார்கள். சர்வகலாசாலைகளின் சுபாவம் எங்கும் ஒன்றுதான்.

அதே மதிலை ஒட்டிய சோலையொன்றில் கணித மேதை காஸின் சமாதி இருக்கிறது. இன்னும் சிறிது தூரத்தில் அவரும் பௌதிகப் பேராசிரியர் வெபரும் சேர்ந்திருக்கும் சிலை, 1899இல் நிறுவியது. காஸ் உட்கார்ந்திருக்கிறார், வயதில் இளையவரான வெபர் நிற்கிறார். 1833இல் இவ்விருவரும் வானாராய்ச்சிக் கூடத்துக்கும் ஊர் நடுவிலிருந்த பௌதிக சாலைக்கும் இடையே, வீட்டுக் கூரைகளுக்கு மேலாக, யோஹானிஸ் தேவாலயத்தின் கோபுரத்தில் மாட்டி, சுமார் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குச் செப்புக் கம்பி இழுத்து, காந்த ஊசியின் அசைவால் செய்தி அனுப்பினார்கள். தந்தி என்பது வியாபாரப் பொருளாவதற்கு முன்பு, இரண்டு சிநேகிதர்கள் தங்கள் கடிகாரங்களை ஒத்துப் பார்ப்பதற்கும் பரஸ்பரம் பேசிக்கொள்வதற்கும் செய்துகொண்ட ஏற்பாடாக அது இங்கே இருந்தது. அந்தச் சிநேகத்துக்கும் இடையூறு வந்தது. 1837இல் ஹானோவரின் புதிய மன்னர் அரசியல் சாசனத்தை ரத்துச் செய்தபோது, அதை ஆட்சேபித்துக் கையெழுத்திட்ட ஏழு பேராசிரியர்களுள் வெபர் ஒருவர்; குழந்தைக் கதைகளால் உலகமெல்லாம் அறிந்த கிரிம் சகோதரர்கள் வேறிருவர். எழுவரும் பதவி இழந்தார்கள்.

மதிலை விட்டிறங்கி ஊருக்குள் நுழைந்தால், ஒருகாலத்தில் மடாலயமாகவும் பின்பு சர்வகலாசாலையாகவும் அதன்பின் நூல்நிலையமாகவும் ஆன பௌலினர் தேவாலயத்தின் வாசலுக்கு வரலாம். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் ஆள்நடமாட்டம் அதிகமில்லை. அங்கே ஒரு கல்திண்ணையில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொள்வது காஸையும் அன்று, கிரிம் சகோதரர்களையும் அன்று. பிரான்ஸ் கீல்ஹார்ன் என்பவரை.

நம்மவர்களில் அநேகர் அவர் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். 1866 முதல் 1881 வரையில் பூனா டெக்கான் கல்லூரியில் ஸம்ஸ்கிருதப் பேராசிரியராக இருந்து, சாஸ்திரிகளின் காலடியில் அமர்ந்து வியாகரணம் பயின்று, பதஞ்சலியின் மகாபாஷ்யத்தை மூன்று பாகங்களாகச் சோதித்துப் பதிப்பித்த ஜெர்மானியர் அவர். அந்த வருஷங்களில்தான் அதே கல்லூரியில் பால கங்காதர திலகர் மாணவராக இருந்தார். ஆக, என் ஊருக்குப் பெயர் தந்தவர் படித்த கல்லூரியில் பாடம் சொன்னவர், நான் படிக்க வந்த ஊரில் வந்து பேராசிரியராக அமர்ந்து, 1908இல் காலமாகும் வரையில் இங்கேயே வாழ்ந்தார். கணபதி உற்சவத்தை 1893இல் வீட்டுப் பூஜையறையிலிருந்து வீதிக்குக் கொணர்ந்தவர் திலகர். எங்கள் திலக் நகரில் சஹ்யாத்ரி கிரீடா மண்டலத்தார் அந்த உற்சவத்துக்காக ஆண்டுதோறும் எழுப்பும் அரண்மனையையும் ஆலயத்தையும் வேடிக்கை பார்க்க நகரத்தின் நானா திசைகளிலிருந்தும் கூட்டம் வந்து சேரும். அந்தப் பந்தலின் வரிசையில் அப்பாவின் தோளிலிருந்து உலகத்தைப் பார்த்தவனுக்கு, பூனாவின் ஒரு கிளை இத்தனை தூரம் ஓடி வந்து இந்தக் கல்வீதியில் முளைத்திருப்பது ஒருவித உறவாகவே பட்டது.

தமிழர்களுக்கு இவரிடம் இன்னொரு கடனும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் சகாப்த வருஷம் குறிப்பது அபூர்வம். மன்னனின் ஆட்சியாண்டு, சூரிய மாதம், பக்ஷம், திதி, கிழமை, நட்சத்திரம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். இந்தக் குறிப்புகள் அத்தனையும் ஒருங்கே பொருந்தும் நாள் ஒரு நூற்றாண்டில் சிலவே இருக்கும் என்பதை வைத்து, இந்தியாவிலிருந்து கல்வெட்டுத் துறையினர் அனுப்பிய வாசகங்களைப் பஞ்சாங்கக் கணிதத்தால் சோதித்து, சோழ மன்னர்களின் காலத்தை ஒவ்வொன்றாக நிர்ணயித்துக் கீல்ஹார்ன் 'எபிகிராபியா இண்டிகா' சஞ்சிகையில் தொடர்ந்து எழுதினார். முதலாம் ராஜராஜனின் ஆட்சி 985ஆம் ஆண்டு ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடைப்பட்ட ஒரு நாளில் தொடங்கியது என்பது அவ்விதம் அவர் கண்ட முடிவு. நம் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் அந்த 985, நம் நாட்டுக் கல்வெட்டுகளிலிருந்து புறப்பட்டு, பனி பெய்யும் கோட்டிங்கனில் ஒரு கிழவரின் மேஜைமேல் உறுதியாகி, திரும்ப நம்மிடம் வந்து சேர்ந்த எண். கீல்ஹார்னுக்கு நம் ஊரில் ஒரு வீதியும் இல்லை. அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மணி பன்னிரண்டைத் தாண்டியதும் சந்தைச் சதுக்கத்துக்குப் போனேன். நகர மண்டபத்தின் முன்னே, இரும்புக் கொடிகளால் ஆன விதானத்தின் கீழ், வாத்துகளுடன் நிற்கும் சிறுபெண் ஒருத்தியின் சிலை; 1901இல் அமைத்த நீரூற்று. வாத்துக்கார லீசல் என்று பெயர். டாக்டர் பட்டத் தேர்வில் தேறியவரைச் சிநேகிதர்கள் ஜோடித்த கைவண்டியில் உட்காரவைத்து இழுத்து வருவார்கள். அவர் நீரூற்றின்மேல் ஏறி, அவளுக்குப் பூங்கொத்துச் சாத்தி, கன்னத்தில் முத்தமிட்டு இறங்க வேண்டும். 1926இல் போலீசார் இதைத் தடை செய்தார்கள், மாணவர்கள் கேட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை தேர்வு இல்லாததால் அன்றைக்கு லீசலுக்கும் விடுமுறை. வெள்ளிக்கிழமை யாரோ சாத்திய ரோஜாக்கள் அவள் முழங்கையில் சொருகியபடி வதங்கியிருந்தன. ஒரு பூங்கொத்தின் காகிதத்தைத் தண்ணீர் நனைத்து மை கரைந்து, வாழ்த்தியவரின் கையெழுத்து நீலமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷ உழைப்பின் முடிவு அது என்று கணக்கிட்டுப் பார்த்தேன். என் ஆராய்ச்சி இருக்கிற நிலையில் அந்தக் கணக்கு உசிதமானதன்று என்று உடனே விட்டுவிட்டேன்.

அருகில் 1876இல் தொடங்கிய மிட்டாய்ச்சாலை ஒன்று உண்டு, குரோன் அண்டு லான்ஸ் என்று. சுழலும் தண்டின்மேல் மாவை அடுக்கடுக்காக ஊற்றிச் சுட்டு, வெட்டினால் மரத்தின் வளையங்களைப் போலத் தோன்றும் 'மரக் கேக்' அங்கே விசேஷம். வெள்ளிநரை பளபளக்கும் பாட்டிமார் இருவர் இருவராக வந்து உட்கார்ந்து, ஒரு துண்டுக் கேக்கை ஒரு மணி நேரம் சாப்பிடும் நிதானத்தை நம் கல்யாண வீடுகளின் பந்தியில் இலைக்குப் பின்னால் நின்று அவசரப்படுத்துகிறவர்களுக்குக் காட்ட வேண்டும். காப்பியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. மாட்டுங்காவில் குடித்து வளர்ந்தவனுடைய தீர்ப்பு பாரபட்சமற்றதாக இருக்க முடியாது.

அங்கே இருக்கையில் அம்மா போனில் அழைத்தாள். ஊரில் மாலை நான்கரை மணி. மெகா பிளாக் முடிந்து ரயில் ஓடத் தொடங்கிய சத்தம் அவள் குரலுக்குப் பின்னால் கேட்டது.

"என்னடா, இன்னிக்கும் கடையெல்லாம் மூடித்தானே இருக்கும்? நாள் பூரா என்னதான் பண்றே?"

"சும்மா சுத்திண்டிருக்கேம்மா."

"சும்மா சுத்தறதுக்கா அவ்வளவு தூரம் போனே? அதை இங்கேயே டைமண்ட் கார்டன்ல சுத்தியிருக்கலாமே!"

நியாயமான கேள்விதான். ஆனால் செம்பூரின் அந்தப் பூங்காவில் சுற்றுவதற்கு எனக்கு ஒருநாளும் அவகாசம் கிடைத்ததில்லையே! பன்னிரண்டாம் வகுப்பில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டியூஷன், மாலையில் ஒரு டியூஷன். கல்லூரியிலோ அதற்குப் பதிலாக நுழைவுத் தேர்வுப் பயிற்சி. சும்மா இருப்பதை ஒரு குற்றமாகப் பாவிக்கும் நகரத்தில் வளர்ந்து, சும்மா இருப்பதை அரசியல் சாசனத்தில் எழுதிவைத்த நாட்டுக்கு வந்த பிறகே, எனக்கென்று ஒரு முழுநாள் வாய்த்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை. "சாப்பாடு ஆச்சும்மா" என்று மட்டும் சொன்னேன்.

பிற்பகலில் ரயில் பாதையைக் கடந்து மேற்கே அரைமணி நேரம் நடந்தால் நகரத்து இடுகாடு வரும். விடுமுறை நாளில் மயானத்துக்குப் போவானேன் என்று நம்மவர்கள் முகம் சுளிக்கலாம். அங்கோ அது பூங்காவனத்தைப் போல் இருக்கிறது; கிழவிகள் பூவாளியில் தண்ணீர் கொண்டுவந்து கல்லறைச் செடிகளுக்கு வார்க்கிறார்கள், குளத்தருகே பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் பத்திரிகை படிக்கிறார். 1881இல் திறந்த இந்த இடுகாட்டில் நோபல் பரிசு பெற்ற எண்மர் துயில்கிறார்கள். பௌதிக மேதை மாக்ஸ் பிளாங்க்கின் கல்லில் பெயரைத் தவிர ஒரு புகழ்மொழியும் இல்லை. அடியில் அவர் கண்ட மாறிலியின் மதிப்பை மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

ஓட்டோ ஹானின் கல்லின் முன்னே நான் அதிக நேரம் நின்றேன். அவர் பெயருக்குக் கீழே, யுரேனியத்தின் அணுவை நியூட்ரான் தாக்கும் ரசாயனக் குறிப்பு. 1938ஆம் ஆண்டின் கடைசியில் பெர்லினில் அவரும் அவருடைய சகா ஸ்டிராஸ்மானும் கண்ட அணுப்பிளவு என்ற அந்தச் சிறிய விளைவிலிருந்து எவையெல்லாம் பிறந்தன என்பது செம்பூர்வாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்பூரை அடுத்த டிராம்பே மலையடிவாரத்தில் 1956 ஆகஸ்ட் 4ஆம் தேதி அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியது. எங்கள் கட்டிடத்திலேயே, விடியற்காலையில் சாப்பாட்டுப் பெட்டியுடன் அணுசக்தி நிலையத்துப் பஸ்ஸுக்கு நடக்கும் மாமாக்கள் இருந்தார்கள். உள்ளே என்ன வேலை என்று கேட்டால் சிரித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள். டிராம்பே நிலையத்தை 1957 ஜனவரியில் நேரு முறைப்படி திறந்துவைத்தார். அதே ஆண்டு ஏப்ரலில், ஜெர்மன் ராணுவத்துக்கு அணு ஆயுதம் கூடாது, அந்த வேலையில் நாங்கள் கலந்துகொள்ள மாட்டோம் என்று பதினெட்டு விஞ்ஞானிகள் அறிக்கை விடுத்தார்கள். அதற்குக் கோட்டிங்கனின் பெயரே வழங்குகிறது. கையெழுத்திட்டவர்களுள் ஹான் ஒருவர். பௌதிகப் பேராசிரியர் மாக்ஸ் போர்ன் ஒருவர்.

போர்னின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது. இரண்டு ராசிகளை இடம் மாற்றிப் பெருக்கினால் விடை வேறாகும் என்று கூறும் அவருடைய சமன்பாட்டைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். யூத வம்சத்தவர் என்ற காரணத்தால் 1933இல் கோட்டிங்கன் பதவியை இழந்த அவரை, 1935இல் பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்துக்கு அழைத்தவர் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். சில மாதங்கள் அவர் அங்கே பிரசங்கங்கள் செய்தார். அவரை நிரந்தரமாக இருத்திக்கொள்ள ராமன் பிரயத்தனம் செய்தும், உள்ளிருந்து கிளம்பிய எதிர்ப்பால் அது கைகூடாமல், போர்ன் 1936இல் எடின்பரோவுக்குப் போய்விட்டார். 1954இல் நோபல் பரிசு. 1970இல் இதே கோட்டிங்கனில் மரணம். (அவருடைய பேத்திதான் ஒலிவியா நியூட்டன்-ஜான் என்ற பாடகி என்றால் நம்ப மனம் வராது, ஆனால் உண்மை.) பெங்களூரில் அன்று ஒரு நாற்காலி அவருக்குக் கிடைத்திருந்தால் இந்தியாவின் பௌதிகக் கல்வி வேறு விதமாக வளர்ந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். நல்ல விருந்தாளியைத் திண்ணையோடு அனுப்பிவிட்டோம்.

வடக்கத்திய ஜூனில் சூரியன் ஒன்பதரை மணி வரையில் அஸ்தமிப்பதில்லை. ஆற்றங்கரைப் புல்வெளியில் இளைஞர்கள் கரியடுப்பு மூட்டி, சோளக்கதிரும் வெள்ளரிக்காயும் வைத்துக்கொண்டு, எழுந்து போகும் உத்தேசமே இல்லாமல் கிடந்தார்கள். தெரிந்த முகம் ஒன்று அழைக்க, நானும் ஒரு கதிரைத் தின்றேன். எட்டேகால் மணிக்கு விடுதியின் பொதுச் சமையலறையில் தொலைக்காட்சியின் முன் அனைவரும் கூடிவிட வேண்டும். 1970 முதல் ஞாயிறுதோறும் நாடு முழுவதும் பார்க்கும் 'டாட்டோர்ட்' என்ற துப்பறியும் படம் அப்போது ஆரம்பமாகும். பேச்சு பாதிதான் எனக்கு விளங்கும். கொலையாளி யார் என்று மட்டும் பெரும்பாலும் முன்னதாகவே ஊகித்துவிடுவேன். தமிழ் சினிமாப் பயிற்சி அந்த அளவுக்காவது உதவுகிறது.

ஜெர்மனிக்கு வரும் தமிழர்கள் பெர்லினையும் மியூனிக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து விரைவு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில்தான் கோட்டிங்கன் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வூரில் இறங்கி, பழைய நூல்நிலையத்தின் வாசலில் கீல்ஹார்னை ஒரு கணம் நினைத்துவிட்டு, மதிலைச் சுற்றி நடந்து, மாலையில் போர்னின் கல்லறைக்கு ஒரு பூ வைத்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். இரவு தங்குவதாக இருந்தால் மட்டும், பாலும் தயிரும் ரொட்டியும் சனிக்கிழமை மாலையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறந்தவர்களுக்கு ரயில் நிலையத்துக் கடைகளே கதி, அங்கே விலை சற்று அதிகம்.